பாராமெடிக் பிறந்த கதை

1960களின் நடுவில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டால், வீட்டார் போலீஸைத்தான் கூப்பிட வேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள் வேனில் வருவார்கள். அடிதடியில் பிடிபட்டவர்களையும் குடித்துவிட்டு ரகளை செய்தவர்களையும் ஏற்றிப் போகும் அதே வேன்தான். நோயாளியைத் துணி ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் பின்னால் கிடத்திவிட்டு இருவரும் முன்சீட்டில் ஏறிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி வரும்வரை பின்னால் கிடப்பவருக்கு மூச்சு இருக்கிறதா, போய்விட்டதா என்று பார்க்க ஆள் கிடையாது. போலீஸ்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம் முதலுதவி. மிச்சத்துக்கு வண்டியை விரட்டி ஓட்டுவதுதான் வைத்தியம்.

மற்ற ஊர்களின் லட்சணமும் இதுதான். 1966ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்திக்கொண்டிருந்தவர்கள் சவ அடக்கத் தொழிலில் இருந்த சுமார் 12,000 பேர் என்றது அது. ஆளை நீட்டிப் படுக்கவைக்கும் வண்டி அவர்களிடம்தானே இருந்தது! படுகாயம் பட்டவன் பிழைப்பதற்கு நகரத்துத் தெருவைவிடப் போர்முனையே மேல் என்று வியட்நாமிலிருந்து திரும்பிய நிபுணர்கள் சொன்னதையும் அந்த அறிக்கை எடுத்துப் போட்டது.

போலீஸின் பொறுப்புகளில் எதை வேறு ஆட்களிடம் கொடுப்பது, அதற்கான பணத்தை எங்கிருந்து எடுப்பது என்ற சண்டை 2020ல் அமெரிக்க நகரங்களில் பெரிதாக வெடித்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நோயாளியைத் தூக்கிச் செல்லும் வேலை பிட்ஸ்பர்க் போலீஸின் கையைவிட்டுப் போயிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டவர்கள், வேலைக்கு லாயக்கில்லை என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த இளைஞர்கள்.

ஹில் டிஸ்ட்ரிக்ட் கறுப்பின மக்கள் வாழ்ந்த குன்றுப் பகுதி. அதன் கீழ்ப்பாதியை நகர நிர்வாகம் 1950களில் இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் விளையாட்டரங்கம் கட்டியது. சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு வேலையும் குறைவு, போலீஸ்மீது நம்பிக்கையும் குறைவு. உடம்புக்கு முடியாமல் போலீஸைக் கூப்பிட்டால் வண்டி வருமா என்பது ஒரு கவலை. வந்தால் என்ன நடக்குமோ என்பது இன்னொன்று.

இடிப்பு தொடங்கியபோது பிட்ஸ்பர்க்கின் மேயராக இருந்தவர் டேவிட் லாரன்ஸ். பிறகு பென்சில்வேனியா மாநிலத்தின் ஆளுநராகவும் ஆனார். 1966 நவம்பரில் ஒரு தேர்தல் கூட்டத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. முன்னாள் ஆளுநருக்கும் அதே போலீஸ் வேன்தான். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மூளை மீளவில்லை. இரண்டு வாரங்கள் கழித்து இறந்துபோனார். ஏழை பாழைக்குத்தான் இந்தக் கதி என்று இனி யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அவரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து நிபுணராக இருந்தவர் பீட்டர் சஃபார். வியன்னாவில் பிறந்தவர். நின்றுபோன மூச்சை வாயோடு வாய் வைத்து ஊதி மீட்க முடியும் என்று 1950களில் ஆய்வு செய்து நிறுவியவர். நெஞ்சை அழுத்தும் முறையும் அதோடு சேர்ந்ததுதான் இன்று உலகமே சிபிஆர் என்று சொல்லும் முதலுதவி. இதைச் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை, சரியாகச் சொல்லிக்கொடுத்தால் யாரும் செய்யலாம் என்பது சஃபாரின் கட்சி. அதே 1966ல் அவருடைய மகளே ஆஸ்துமா முற்றி இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் நழுவிப்போகும் அந்தச் சில நிமிடங்கள் அதன்பிறகு அவரை விடவே இல்லை.

ஃபில் ஹாலன் என்பவர் அப்போது அந்நகரில் மருத்துவ அறக்கட்டளை ஒன்றின் தலைவர். இளமையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஹில் டிஸ்ட்ரிக்ட் மக்களுக்கு ஆம்புலன்ஸும் வேண்டும், வேலையும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே முடித்தால் என்ன என்று யோசித்தார். கறுப்பின மக்களுக்குத் தொழில் ஏற்படுத்தித் தருவதற்காக ஜேம்ஸ் மக்காய் நடத்திவந்த ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு கைகோத்தது. 1967ல் பயிற்சி தொடங்கியது.

சேர்ந்தவர்களில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் உண்டு. வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் உண்டு. சிறைக்குப் போய் வந்தவர்களும் உண்டு. சஃபார் அவர்களுக்கு வகுத்தது ஏறக்குறைய 300 மணி நேரப் பாடம்: உடற்கூறு, சிபிஆர், ரத்தப்போக்கை நிறுத்துவது, வண்டியை அலுங்காமல் ஓட்டுவது. ஆபரேஷன் தியேட்டரிலும் நிற்க வைத்தார். வண்டியின் அமைப்பையும் அவரே வகுத்தார். நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் உட்கார இடம் வேண்டும். ஓடும் வண்டியிலேயே தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கக் கை எட்ட வேண்டும். நோயாளியோடு ஒருவர் கூடவே இருக்கிறார் என்பதுதான் போலீஸ் வேனுக்கும் இந்த வண்டிக்கும் இருந்த வித்தியாசம்.

1968ல் வண்டிகள் தெருவில் இறங்கின. முதல் ஆண்டில் சுமார் 5,800 அழைப்புகள். சஃபாரின் கணக்குப்படி 200 பேர் பிழைத்தார்கள். 1972ல் ஓர் ஆய்வு வந்தது. உயிருக்குப் போராடிய நோயாளிகளில் 89 சதவீதம் பேருக்கு ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்கள் சரியான சிகிச்சை கொடுத்திருந்தார்கள். போலீஸ் வண்டிகளில் அது 38 சதவீதம். வசதியான வெள்ளையர் வட்டாரங்களுக்கு இன்னும் போலீஸ் வேன் போய்க்கொண்டிருந்தபோது, குன்றின்மேல் இருந்த ஏழைகளுக்கு நாட்டிலேயே சிறந்த ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது.

ஜான் மூன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிச் செல்லும் ஊழியராக இருந்தார். ஒருநாள் இரண்டு கறுப்பின இளைஞர்கள் சீருடையில் நோயாளியைக் கொண்டுவந்து, டாக்டர்களிடம் விவரம் சொல்வதைப் பார்த்தார். அந்த வேலையில்தான் சேருவது என்று முடிவு செய்துவிட்டார். பிறகு, ஆஸ்பத்திரிக்கு வெளியே நோயாளியின் தொண்டைக்குள் குழாய் செலுத்தி மூச்சுக் கொடுத்த முதல் சிலரில் ஒருவரானார். டாக்டர் மட்டுமே செய்யலாம் என்றிருந்த வேலை அது.

இவ்வளவு இருந்தும் போலீஸோடும் நகர நிர்வாகத்தோடும் இழுபறி ஓயவில்லை. அவசர அழைப்புகள் எல்லாம் போலீஸ் கட்டுப்பாட்டு அறை வழியாகத்தான் வரும். அங்கிருந்து தகவல் இவர்களுக்கு வராமல் போவது சகஜம். ஃப்ரீடம் ஹவுஸ்காரர்கள் போலீஸ் ரேடியோவை ஒட்டுக்கேட்டு, போலீஸுக்கு முன்னால் போய் நிற்கப் பறந்தார்கள். நகர மையத்தில் சைரன் போடக் கூடாது என்று தடை வந்தது. மேயர் பீட் ஃப்ளாஹர்ட்டி காலத்தில் ஒப்பந்தப் பணமும் இழுபட்டது.

1970களின் நடுவில் மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கேரோலைன் என்ற இளம் டாக்டர் வண்டியிலேயே ஏறிச் சுற்றினார். தெருவில் பார்த்ததைப் பாடமாக்கினார். மத்தியப் போக்குவரத்துத் துறைக்காக அவர் தயாரித்த பாடத்திட்டம்தான் நாடு முழுவதும் பாராமெடிக்குகளுக்கு, அதாவது ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை தரும் பயிற்சி பெற்ற ஊழியர்களுக்கு, அடிப்படையானது. அந்தப் பாடம் பிறந்த இடத்தையோ நகர நிர்வாகம் இழுத்து மூடியது. 1975 அக்டோபர் 15 ஃப்ரீடம் ஹவுஸின் கடைசி நாள். நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. புதிதாக எடுத்தவர்கள் வெள்ளையர்கள். பழைய ஆட்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேரோலைன் போராடி வாங்கினார். உள்ளே போனவர்களைத் தேர்வு வைத்தும், பழைய வழக்குகளைத் தோண்டியும் ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டினார்கள். தாக்குப்பிடித்த சிலரில் ஜான் மூன் ஒருவர். அந்தத் துறையிலேயே துணைத் தலைவர்வரை உயர்ந்தார்.

முன்னே சொன்ன 2020 சண்டைக்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலடியில் இறந்தார். இரண்டு வாரத்துக்குள் நகர்மன்ற உறுப்பினர்கள் ஒன்பது பேர் பூங்காவில் மேடையேறி, இந்தப் போலீஸ் துறையையே கலைப்போம் என்று உறுதி சொன்னார்கள். போலீஸ் துறைக்குப் பதில் வேறு துறை அமைக்கலாமா என்று 2021 நவம்பரில் மக்களிடம் வாக்குக் கேட்டபோது ஏறக்குறைய 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வடக்கு வார்டுகளும் அதில் அடக்கம். சுடும் சத்தம் கேட்கும் தெருவில் இருப்பவர், இருப்பதை எடுப்பதற்கு முன்னால் மாற்று எங்கே என்று கேட்பது நியாயம்தான். ஹில் டிஸ்ட்ரிக்டில் மாற்று முதலில் வந்தது. போலீஸ் வேன் பிறகுதான் ஓய்ந்தது.

மினியாபொலிஸிலும் அப்படி ஒன்று நடக்காமல் இல்லை. வாக்கெடுப்பு முடிந்த அடுத்த மாதமே, மனநெருக்கடியில் இருப்பவர்களிடம் ஆயுதமில்லாத ஆலோசகர்களை அனுப்பும் குழு வேலையைத் தொடங்கியது. டென்வர் நகரம் அப்படி ஒரு குழுவை 2020லேயே தொடங்கிவிட்டது. இவற்றுக்கெல்லாம் மூத்தது ஆரிகான் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1989ல் தொடங்கிய கஹூட்ஸ். ஒரு மருத்துவ ஊழியரும் ஒரு நெருக்கடி ஆலோசகரும் வேனில் போவார்கள். 2020ல் நாடே அதை உதாரணம் காட்டியது. 2025ல் பணத் தட்டுப்பாட்டால் யூஜீனில் அந்தச் சேவை நின்றுபோனது.

மாரடைப்பு வந்தவரைப் போலீஸ் வேனில் ஏற்றுங்கள் என்று இன்று எந்தக் கட்சிக்காரரும் கேட்கமாட்டார். அந்த வாதம் தீர்ந்துவிட்டது. மனநோயாளியிடம் யார் போவது என்பது இப்போது வரிசையில் நிற்கிறது. ஒருநாள் அதுவும் தீரும். ஆனால் வேலை கைமாறுவது ஒரு பக்கம், அதை வாங்கியவர்கள் நிலைப்பது இன்னொரு பக்கம். ஃப்ரீடம் ஹவுஸ் திறமையில் தோற்கவில்லை. தொலைபேசி போலீஸிடம் இருந்தது, பணப்பை மேயரிடம் இருந்தது. போலீஸை மாற்றப்போகிறோம் என்று எந்த நகரம் அறிவித்தாலும், கோஷத்தை விட்டுவிட்டு இரண்டைக் கேட்டுப் பார்க்கலாம்: அழைப்பை எடுத்து ஆளை அனுப்புவது யார்? மூன்றாம் வருடத்துச் சம்பளத்துக்குப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?