தணலிற் சுட்ட உணவு

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளின் சந்தைகளிலே பனங்கிழங்கு கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அதனருகே சீனிக்கிழங்குக் குவியல் கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்னர்த் தளதளவென்று காய்த்த கத்தரிக்காய் கூடைகளில் நிறைந்திருக்கும். கரிசற் காட்டில் குளிர் என்பது பெரிய குளிரன்று. இரவிலே வெப்பம் 20 பாகையை ஒட்டி இறங்கினாலே ஊரார் போர்வையைத் தேடுவர். ஆயினும் ஆண்டிற் பெரும்பகுதி வெயிலிற் காயும் அந்நிலத்து மக்களுக்கு, அடுப்பங்கரையில் அமர்ந்து தணலிலிருந்து எடுத்த கிழங்கைக் கை சுடச்சுட உரித்துண்ணும் இன்பம் இவ்விரண்டு மூன்று திங்கள்களில்தான் கிட்டும்.

மேனாட்டுச் சமையல் நூல்கள், குளிர்காலத்துக்கென்று காய்களையும் கிழங்குகளையும் அனலில் வாட்டி, எண்ணெயும் புளிப்பும் சேர்த்து வெதுவெதுப்பாக உண்ணும் ‘சாலட்’ என்னும் கலவையைப் பற்றி விரிவாகக் கூறுகின்றன. அதனைப் படிக்கும் நம் மாணவர் சிலர் இஃது ஏதோ புதுமை என்று எண்ணக்கூடும். பெயர்தான் புதிது. அச்செயல் நம்முடைய அடுப்புகளில் நெடுங்காலமாக நடந்து வருவதே. ஆனால் அதில் இடும் பொருள்களில் எவை பழையவை, எவை வந்தேறியவை என்று பார்க்கப் புகுந்தால், நாம் எதிர்பாராத ஒரு வரலாறு வெளிப்படுகின்றது.

முதலில் சொற்களைக் காண்போம். நெருப்பிலே நேராக இட்டுச் சமைத்ததைப் பழந்தமிழர் ‘சூடு’ என்றனர். நீரில் வேகவைத்ததைப் ‘புழுக்கு’ என்றனர். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரை மக்களின் வாழ்வைப் பாடும் பட்டினப்பாலை, அவர்கள் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதையும், வயல் ஆமையைப் புழுக்கி உண்டதையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது. ஒரே வேளையில் இருவகைச் சமையலையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு அந்த வேறுபாடு அன்றே தெளிவாக இருந்தது. பின்னர் இலேசாக அனல் காட்டுவதற்கு ‘வாட்டுதல்’ என்றும், எண்ணெயிற் புரட்டுவதற்கு ‘வதக்குதல்’ என்றும், வெறுஞ்சட்டியிற் புரட்டுவதற்கு ‘வறுத்தல்’ என்றும், மிகுந்த எண்ணெயில் இடுவதற்குப் ‘பொரித்தல்’ என்றும் சொற்கள் வழங்கலாயின. இத்துணைச் சொற்கள் ஒரு மொழியில் இருக்குமானால், அம்மொழி பேசுவோர் நெருப்பின் அளவை நன்கு அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

பிற்கால ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றை நீங்கள் பள்ளியிற் கேட்டிருப்பீர்கள். புல்வேளூர்ப் பூதன் என்பான் தமக்கு இட்ட விருந்தை அவர் வியந்து பாடுகிறார். அவ்விருந்தில் நெய்யும் பாலும் பருப்பும் இல்லை. வரகுச் சோறு, வாட்டிய கத்தரிக்காய், நன்றாகப் புளித்த மோர் ஆகிய மூன்றே. இவ்வுணவுக்கு உலகனைத்தையும் ஈடாகத் தரலாம் என்பது புலவரின் கருத்து. கத்தரிக்காய்க்கு அக்காலத்துப் பெயர் வழுதுணங்காய். அரசர் விருந்துகளைப் பற்றிய வருணனைகள் நம் இலக்கியத்தில் ஏராளம். எளியவன் வீட்டு அடுப்பில் வாடிய ஒரு காய்க்கு இத்துணைப் பெருமை கிடைத்த இடம் அரிது. உணவின் வரலாற்றை எழுதுவோர் இப்பாடலைச் சமையற் சான்றாகவும் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இனிக் கரிசல் நிலத்துக்கு வருவோம். இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985ஆம் ஆண்டில் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அந்தப் பழைய மாவட்டமே 1910ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டதாகும். ஆட்சி எல்லைகள் மாறினாலும் நிலத்தின் தன்மை மாறவில்லை. ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இங்கே இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மிளகாய், மல்லி முதலியவற்றை விதைப்பர். பெருங்காடு இல்லாமையால் விறகுக்கும் பஞ்சம். பஞ்சு எடுத்தபின் நிற்கும் பருத்திமார், சோளத்தட்டை, பனைமட்டை, வரட்டி ஆகியவையே அடுப்புக்கு உதவின.

விறகு அரிதாக இருக்கும் ஊரிலே ஒரு துண்டு தணலும் வீணாகாது. உலை இறக்கியபின் அடுப்பில் எஞ்சும் கங்குகளைச் சாம்பலால் மூடி, அவற்றினூடே இரண்டு கத்தரிக்காயையோ கிழங்கையோ செருகி வைத்தால், வேறு விறகு செலவின்றி ஒரு தொடுகறி ஆகிவிடும். ஆதலின் சுட்டுண்ணும் வழக்கம் சுவைக்காக மட்டும் எழுந்ததன்று, சிக்கனத்துக்காகவும் எழுந்தது. வறுமை கற்பித்த சமையல் என்று இதனைக் கூறுவதில் இழுக்கொன்றும் இல்லை.

அதன் செய்முறை எளிது. முற்றாத பெரிய கத்தரிக்காய்கள் இரண்டை எடுத்து, நல்லெண்ணெயைத் தடவி, கத்தி முனையால் நான்கைந்து இடங்களிற் குத்திவிட வேண்டும். குத்தாமல் விட்டால் காயின் உள்ளே நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றித் தோலைக் கிழித்துக்கொண்டு ‘பட்’டென்று வெடிக்கும். அடைபட்ட வளி திடீரென வெளிப்படுவதே வெடி என்பதைச் சிவகாசிப் பகுதிச் சிறுவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தணலின் மேல் வைத்துத் திருப்பித் திருப்பிவிடத் தோல் கருகும். உள்ளே சதை குழையும். பின்னர்ச் சிறிது நீர் தெளித்துத் தோலை உரித்து, கையால் மசித்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் பத்தும், சுட்ட மிளகாய் இரண்டும், நெல்லிக்காயளவு புளியின் கரைசலும், உப்பும், ஒரு கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்துப் பிசைய வேண்டும். ஆறுவதற்கு முன்னே உண்ண வேண்டும். ஆறினால் அதன் புகைமணம் பாதி போய்விடும். சிதம்பரத்திலே சம்பா சாதத்துடன் பரிமாறும் கொத்சு இதற்கு உறவு. பஞ்சாபியர் செய்யும் பர்த்தாவும் உறவே. லெபனான் முதலிய நாடுகளில் சுட்ட கத்தரிக்காயை எள் விழுதுடன் பிசைந்து பாபா கனூஜ் என்று வழங்குகின்றனர். நாம் எள்ளின் எண்ணெயைச் சேர்க்கிறோம். அவர்கள் எள்ளையே அரைத்துச் சேர்க்கின்றனர்.

இக்கிண்ணத்தில் உள்ளவற்றின் ஊர்பேர்களைச் சற்றே விசாரிப்போம். கத்தரிக்காய் நம் நாட்டுக்குப் பழைய சொந்தம். எள்ளும் அவ்வாறே. புளியோ ஆப்பிரிக்காவைப் பிறப்பிடமாக உடையது. அரபியர் அதனை ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் பெயரால் அழைக்கும் அளவுக்கு அது பண்டே இந்நாட்டுப் பொருளாகிவிட்டது. வெங்காயம் மத்திய ஆசியாவின் பக்கத்திலிருந்து வந்தது. மிளகாய்தான் பலருக்கும் வியப்பளிப்பது. 1492ஆம் ஆண்டில் கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைவதற்கு முன்னர், ஆசியாவில் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. 1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய பின்னர், போர்த்துக்கீசியர் வழியாக அஃது இந்தியக் கரையை அடைந்தது. அதுகாறும் நம் முன்னோருக்குக் காரம் தந்தவை மிளகும் இஞ்சியும் முதலியனவே. புதிதாக வந்த காய், மிளகைப்போற் காரமாக இருந்தமையால் மிளகு-காய், மிளகாய் ஆயிற்று. இன்று மிளகாய் வற்றல் வாணிகத்தில் விருதுநகர்ச் சந்தைக்கு உள்ள பெயரை எண்ணிப் பார்க்கும்போது, ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் இவ்வூர்ப் பக்கத்தில் ஒரு மிளகாய்ச் செடியும் இருந்திராது என்பதை நம்புவது கடினம். பூதன் வாட்டிய கத்தரிக்காயில் மிளகாய் இருந்திருக்க வழியே இல்லை.

சீனிக்கிழங்கின் கதையும் அத்தகையதே. அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஆனால் ‘வள்ளி’ என்னும் சொல் பழையது. மலைநிலத்து மக்கள் தோண்டியெடுத்த கொடிக்கிழங்குக்கு உரியது. புதிய கிழங்கும் கொடியில் விளைந்து, இனிப்பாகவும் இருந்தபடியால், பழைய பெயரோடு சர்க்கரையைச் சேர்த்துச் சர்க்கரைவள்ளி என்றனர். தென்மாவட்டத்தார் இன்னும் சுருக்கிச் சீனிக்கிழங்கு என்றனர். பொருள் வெளியிலிருந்து வந்தது. பெயரை நாமே வைத்தோம். சுடும் முறையோ முன்னமே நம்மிடம் ஆயத்தமாக இருந்தது.

இக்கிழங்கைச் சுட்டால் அவித்ததைவிட இனிப்பது ஏன் என்று மாணவர்கள் கேட்கலாம். அதற்குத் தக்க காரணம் உண்டு. கிழங்கினுள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று உள்ளது. கிழங்கின் உட்புறம் ஏறத்தாழ 60 முதல் 75 பாகை வரையுள்ள சூட்டில் இருக்கும் வரையிற்றான் அந்நொதி நன்கு வேலை செய்யும். அதற்குமேற் சூடேறினால் அழிந்துபடும். கொதிநீரில் இட்டால் கிழங்கு அந்த எல்லையை விரைந்து கடந்துவிடும். சாம்பலிற் புதைத்தால், சாம்பல் வெப்பத்தைத் தடுத்துத் தடுத்து உள்ளே விடுகின்றது. நொதிக்கு நெடுநேரம் கிடைக்கின்றது. மேலும் நீர் வற்றுவதால் இனிப்புச் செறிகின்றது. தணலைச் சாம்பலால் மூடிய பாட்டிமார் நொதியைப் பற்றிப் படித்ததில்லை. ஆனால் பொறுத்திருந்தால் இனிக்கும் என்று அறிந்திருந்தனர்.

பனங்கிழங்கு மட்டும் இவ்வரிசையில் வேறு வகை. அது கிழங்கே அன்று, பனங்கொட்டையின் முளை. ஆடி ஆவணியில் உதிரும் பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து, மணற்பாங்கான நிலத்திற் பாத்தி கட்டி அடுக்கி மண்ணால் மூடுவர். மழை பெய்ததும் முளை கீழ்நோக்கி இறங்கித் தடித்து மாவேறும். மூன்று நான்கு திங்களிற் பாத்தியைத் தோண்டுவர். பொங்கலன்று கரும்போடும் மஞ்சட்கொத்தோடும் பனங்கிழங்கையும் வைத்துப் படைப்பது தென்மாவட்ட வழக்கம். மஞ்சளும் உப்பும் இட்டு அவிப்பதே பெரும்பான்மை. தணலிற் சுடுவதும் உண்டு. மேலுறை கருகியபின் உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள குருத்தையும் நாரையும் நீக்கிச் சிறுசிறு துண்டாக்கி, பூண்டும் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்துண்பர். யாழ்ப்பாணத்துத் தமிழர் இதனைப் பச்சையாகவே கீறி உலர்த்தி ஒடியல் என்றும், அவித்து உலர்த்திப் புழுக்கொடியல் என்றும் சேமித்து வைக்கின்றனர். பட்டினப்பாலையிற் கண்ட ‘புழுக்கு’ என்னும் சொல்லின் வேர் அங்கே இன்றும் உயிரோடு இருப்பதைக் கவனியுங்கள்.

இவ்வட்டாரத்தில் நெருப்புக்கு வேறொரு முகமும் உண்டு. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறுவருடம் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் சேர்ந்து வளர்ந்தன. மழை குறைந்த வறண்ட காற்று பயிருக்குப் பகை. தீக்குச்சியும் வெடிமருந்தும் உலர்வதற்கோ அதுவே துணை. அத்தொழிற்கூடங்களில் ஒரு தீப்பொறிக்கும் இடமில்லை. அடுப்பு மூட்டுவதும் புகைபிடிப்பதும் விதிகளால் தடுக்கப்பட்டவை. பகல் முழுவதும் தீயை அஞ்சி வேலை செய்பவர், வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆறிய சோற்றையே நண்பகலில் உண்கின்றனர். மாலையில் வீடு திரும்பிய பின்னர்த்தான் அவர்களுக்குச் சுடுசோறு. அவ்விதிகள் மீறப்பட்ட நாள்களில் நேர்ந்த உயிரிழப்புகளை இப்பகுதி மக்கள் நன்கறிவர்.

வீட்டு அடுப்பும் இப்போது மாறிவிட்டது. அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேல், 20ஆம் நூற்றாண்டிலே இவ்வறண்ட நிலத்தில் விறகுக்கென்று பரப்பப்பட்டது. பரவியபின் கண்மாய்களையும் தரிசுகளையும் கவிந்துகொண்டது. ஆக, சீனிக்கிழங்கும் மிளகாயும் மட்டுமன்றி, அவற்றைச் சுட்ட நெருப்பும் ஒரு காலத்தில் அமெரிக்க மரத்தின் நெருப்பாகவே ஆயிற்று! இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு எரிவாயு அடுப்புகளை இலவசமாக வழங்கியது. 2016ஆம் ஆண்டில் நடுவணரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. எரிவாயு அடுப்பில் தணல் எஞ்சுவதில்லை. திருகை மூடியவுடன் சூடும் முடிந்துவிடுகின்றது. எனவே எஞ்சிய தணலால் உண்டான உணவும் பல வீடுகளில் மறைந்துவருகின்றது.

இதனை எண்ணி வெறுமனே பெருமூச்சு விடுவது முறையாகாது. தாழ்ந்த கூரையின் கீழ் வரட்டிப் புகையை நாள்தோறும் மூச்சில் இழுத்த பெண்களின் கண்ணும் நுரையீரலும் அச்சுவைக்கு விலை கொடுத்தன. அந்த விலையை மீண்டும் அவர்களிடம் கேட்க நமக்கு உரிமையில்லை. எரிவாயுச் சுடரின் மேற் கம்பி வலையை வைத்துக் கத்தரிக்காயைச் சுடலாம். பெரும்பகுதி மணம் கிடைத்துவிடும். கனத்த இரும்புச் சட்டியில் மூடியிட்டுச் சிறுதீயில் முக்கால் மணிநேரம் வைத்தால் சீனிக்கிழங்கும் இனிக்கும்.

பனங்கிழங்குக்கு வந்த இடர்தான் பெரிது. மரம் இருந்தால்தான் பழம். பழம் இருந்தால்தான் கொட்டை. செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பனைகள் வண்டி வண்டியாக வெட்டப்பட்டன. சுடுவதற்குரிய கிழங்கைத் தரும் மரமே சூளையிற் சுடப்பட்டது. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்று அறிவித்தது. பனை விதைகளை வழங்கவும் வகை செய்தது. தைப் பொங்கலுக்குப் பாத்தியைத் தோண்டும் உழவர்கள், வரப்போரத்தில் நான்கைந்து கொட்டைகளைத் தோண்டாமல் விட்டுவிடுவதும் உண்டு. அவற்றின் குருத்து அடுத்த மழைக்கு மண்ணுக்குமேல் ஓலை விடும். காய்ப்பதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகும்.