தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் (ஐக்கிய இராச்சியம்)

தேசிய மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகம் இங்கிலாந்தின் மேற்கு மிட்லாண்ட்சு பகுதியில், பர்மிங்காம் நகருக்குக் கிழக்கே பிக்கன்கில் என்னும் ஊரில் அமைந்துள்ள ஓர் அருங்காட்சியகம் ஆகும். பிரித்தானியாவில் உற்பத்தி செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் மட்டுமே இங்கு சேகரிக்கப்படுகின்றன. கட்டடத் தொழிலதிபரான ராய் ரிச்சர்ட்சு திரட்டிய சேகரிப்பைக் கொண்டு 1984 அக்டோபரில் இது திறக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு நிகழ்ந்த தீ விபத்தில் சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. மீளக் கட்டப்பட்டு 2004 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட இங்கு 850க்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ளன.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பர்மிங்காமும் அதன் சுற்றுவட்டாரமும் உலக மோட்டார் சைக்கிள் உற்பத்தியின் முதன்மையான மையங்களுள் ஒன்றாக விளங்கின. பி.எஸ்.ஏ. நிறுவனம் பர்மிங்காமின் சுமால் ஈத் பகுதியிலும், ஏரியல் செல்லி ஓக்கிலும், வெலோசெட் ஆல் கிரீனிலும், ரோயல் என்ஃபீல்ட் ரெடிச்சிலும், டிரையம்ப் மெரிடனிலும் இயங்கி வந்தன.

1960களில் இத்தொழில் சரியத் தொடங்கியது. பழைய எந்திரங்களைக் கொண்டே தொழிற்சாலைகள் ஓட்டப்பட்டன. புதிய வடிவமைப்புகளில் போதிய முதலீடு செய்யப்படவில்லை. 1969இல் சப்பானின் ஓண்டா நிறுவனம் வெளியிட்ட சிபி 750, நான்கு உருளைகள், மின்விசைத் தொடக்கி, முன் சக்கரத்தில் வட்டு பிரேக் ஆகியவற்றுடன் வந்தது. ரோயல் என்ஃபீல்டின் ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. வெலோசெட் 1971இல் நின்றது. பி.எஸ்.ஏ. 1973இல் வேறு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுத் தன் தனித்தன்மையை இழந்தது. தொழிலாளர் கூட்டுறவாக நடத்தப்பட்டு வந்த மெரிடன் தொழிற்சாலையும் 1983இல் மூடப்பட்டது.

மெரிடன் மூடப்பட்ட மறு ஆண்டே, அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இவ்வருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இதனால் இது ஒருவரது பொழுதுபோக்குச் சேகரிப்பு என்பதையும் தாண்டி, அப்பகுதியின் மறைந்த தொழிலுக்கான நினைவகமாகவும் ஆயிற்று. (டிரையம்ப் பெயரை 1983இல் வாங்கிய சான் புளூர், பின்னர் இங்க்லி நகரில் உற்பத்தியைப் புதிதாகத் தொடங்கினார்.)

சேகரிப்பு

திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 350 வண்டிகள் இருந்தன. அன்றாடப் பயன்பாட்டு வண்டிகள், பக்கப்பெட்டி பொருத்திய குடும்ப வண்டிகள், பந்தய வண்டிகள், விற்பனைக்கு வராத முன்மாதிரிகள் எனப் பலவகைகள் இதில் அடங்கும். அடுத்தடுத்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தே தொழில்நுட்ப வளர்ச்சியை அறியலாம். மிதிவண்டியை ஒத்த சட்டகமும் வார்ப்பட்டை இயக்கமும் கொண்ட தொடக்ககால வண்டிகளையும், சங்கிலி இயக்கமும் பற்சக்கரப் பெட்டியும் கொண்ட பிற்கால வண்டிகளையும் ஒப்பிடலாம். உலோகப் பாகங்களின் நிக்கல் பூச்சு 1920களின் இறுதியில் குரோமியப் பூச்சுக்கு இடம் விட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொலைநோக்கி வகை முன் கவை பரவலாகியது.

சேகரிப்பில் புகழ்பெற்றது 'சிலிப்பரி சாம்' எனப்படும் டிரையம்ப் டிரைடன்ட் பந்தய வண்டி. 1970இல் பிரான்சில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் பொறியிலிருந்து எண்ணெய் கசிந்து வண்டி முழுவதும் வழிந்ததால் 'வழுக்கும் சாம்' எனப் பொருள்படும் இப்பெயர் ஏற்பட்டது. மாண் தீவின் டி.டி. பந்தயங்களில் உற்பத்தி வண்டிகளுக்கான பிரிவில் 1971 முதல் 1975 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இவ்வண்டி வெற்றி பெற்றது.

2003 தீ விபத்து

2003 செப்டம்பர் 16 அன்று மாலை, அணைக்கப்படாமல் எறியப்பட்ட சிகரெட் ஒன்றினால் கட்டடத்தை ஒட்டி இருந்த அட்டைப் பெட்டிகளில் தீப்பற்றியது. தீ கூரை வழியாகப் பரவி ஐந்து காட்சிக்கூடங்களில் மூன்றை அழித்தது. ஊழியர்களும் அன்று அங்கு கருத்தரங்குக்கு வந்திருந்தவர்களும் வண்டிகளைத் தள்ளி வெளியே கொண்டுவந்து பலவற்றைக் காப்பாற்றினர். உயிரிழப்பு ஏற்படவில்லை. ஆயினும் ஏறத்தாழ 380 வண்டிகள் அழிந்தன அல்லது கடுமையாகச் சேதமுற்றன; அவற்றுள் சிலிப்பரி சாமும் ஒன்று.

அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 பாகை தேவை. ஆகவே இத்தகைய தீயில் எஃகுச் சட்டகம் வளைந்தாலும் எஞ்சும், அலுமினியத்தாலான பொறியின் வெளிக்கூடு உருகிவிடும். பழைய பிரித்தானிய வண்டிகளில் பொறி எண் பெரும்பாலும் இந்த வெளிக்கூட்டில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். எனவே வெளிக்கூடு உருகும்போது வண்டியின் அடையாளச் சான்றும் உடன் மறைகிறது.

மீளமைப்பும் அசல் தன்மையும்

கட்டடம் ஏறத்தாழ 2 கோடி பவுண்டு செலவில் மீளக் கட்டப்பட்டது. தானியங்கி நீர்த்தெளிப்பு அமைப்பும் பொருத்தப்பட்டது. சேதமுற்ற வண்டிகளுள் பல, சிலிப்பரி சாம் உட்பட, மீண்டும் கட்டியெழுப்பப்பட்டன. இத்தகைய பணிக்குத் தொழிற்சாலை விவரப்பட்டியல்கள், பழைய ஒளிப்படங்கள், உதிரிப்பாகச் சந்தைகள் ஆகியவை பயன்படுகின்றன. 1946இல் தொடங்கப்பட்ட 'விண்டேச் மோட்டார் சைக்கிள் கிளப்' போன்ற அமைப்புகள் பாதுகாத்து வரும் தொழிற்சாலைப் பதிவேடுகளின் துணையுடன், எந்தச் சட்டக எண்ணும் எந்தப் பொறி எண்ணும் ஒன்றாக வெளிவந்தன என்பதைச் சரிபார்க்கலாம்.

சேகரிப்பாளரிடையே இது குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்ததுபோல வண்டியை முழுமையாகப் புதுப்பிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். இவ்வருங்காட்சியகம் இந்நெறியையே பின்பற்றுகிறது. மங்கிய வண்ணமும் தேய்ந்த இருக்கையும் வண்டியின் வரலாறு. அவற்றை நீக்கினால் மீண்டும் பெற இயலாது என்பர் மற்றொரு சாரார். தீக்குப் பின் இக்கேள்வி மேலும் கூர்மையானது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா எனக் கேட்கும் 'தீசியசின் கப்பல்' என்னும் கிரேக்கப் புதிர் இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. வடிவமைப்பையும் செய்நேர்த்தியையும் மீளமைத்த வண்டி முழுமையாகக் காட்டும். ஆனால் பந்தயத்தில் ஓடிய அதே உலோகம் இதுதானா என்ற கேள்விக்கு, எஞ்சிய பாகங்களின் அளவுக்கே அது விடை தரும்.

தமிழ்நாட்டுடன் தொடர்பு

ரெடிச்சில் உருவான ரோயல் என்ஃபீல்ட் புல்லட், 1955 முதல் சென்னையிலும் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. இதற்கான தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. ரெடிச் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் சென்னையில் உற்பத்தி தொடர்ந்தது. புதிய பொறிகளுடன் புல்லட் என்னும் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. பிறந்த நாட்டில் அருங்காட்சியகப் பொருளாகிவிட்ட ஒரு வண்டியின் வழித்தோன்றல்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் அன்றாடம் ஓடுகின்றன.