பறவைகள் நட்ட காடு

தோட்டம் உண்டாக வேண்டுமானால் காட்டை வெட்ட வேண்டும். நம் பாட்டன்மார் கை காய்த்துக் கற்ற பாடம் இது. வெட்டிய காடு திரும்பி வருமா? வந்த கதை ஒன்றை இன்று சொல்கிறேன்.

மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட் என்பது ஒரு தீவு. 1845-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. பின்னர் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. சமவெளியில் கரும்பு விளைந்தது. வடக்கு மலைகளில் கொக்கோ விளைந்தது.

அந்த மலையில், அரிமா பள்ளத்தாக்கில், ஸ்பிரிங் ஹில் என்றொரு தோட்டம். கொக்கோவும் காப்பியும் அதன் பயிர்கள். கொக்கோவுக்கு நிழல் வேண்டும். ஆகவே நம் முள்முருங்கையின் இனத்தைச் சேர்ந்த நெடுமரங்களை அங்கே இடையிடையே வளர்ப்பார்கள். 'கொக்கோவின் தாய்' என்றே அம்மரத்துக்குப் பெயர்.

1920-களில் கொக்கோ விலை சரிந்தது. 1928-இல் 'சூனியக்காரியின் துடைப்பம்' என்னும் பயிர்நோயும் அத்தீவில் தோன்றியது. தோட்டங்கள் பல கவனிப்பாரற்றுப் போயின. களை எடுக்க ஆளில்லாத இடத்தில் காடு கால்வைத்தது. விதை போட்டவர் யார்? நிழல்மரங்களில் தேன் குடிக்கவும் இளைப்பாறவும் வந்த பறவைகள், வேறிடத்தில் தின்ற பழங்களின் விதைகளை அவற்றின் அடியில் உதிர்த்தன.

அத்தோட்டத்துக் குகையில் எண்ணெய்ப் பறவைகள் வாழ்ந்தன. பகலெல்லாம் இருட்டில் கிடந்து, இரவில் பழம் தேடப் பறப்பவை அவை. 'டிக் டிக்' என ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டுக் குகைக்குள் வழி அறியும். பழத்தை விழுங்கி, விதையைத் தொலைவில் கக்கும். அதன் குஞ்சு தாயைவிடப் பருத்திருக்கும். முற்காலத்தில் மக்கள் அக்குஞ்சுகளைப் பிடித்து, கொழுப்பை உருக்கி விளக்கெரித்தார்கள். காட்டின் நாற்றங்காலையே திரியாக்கி எரித்தார்கள் என்று சொல்லலாம்.

பிற்காலத்தில் அத்தோட்டம் ஐஸ்லாந்தில் பிறந்த ஆசா ரைட் அம்மையாரிடம் வந்தது. 1967-இல் அது அவர் பெயரால் இயற்கைப் பாதுகாப்பு நிலையமாயிற்று. வேட்டைக்கு அங்கே இடமில்லை. துரை பங்களா விடுதியாக மாறியது. அதன் வராந்தாவில் அமர்ந்து பறவை பார்க்கவே பல நாட்டாரும் கடல் கடந்து வந்தார்கள். கொல்லப்பட்டு வந்த குகைப் பறவைக்கும் காவல் கிடைத்தது.

நேயர்களே, அந்த மலையில் மனிதர் செய்தது பெரிய காரியமன்று. நின்ற மரத்தை நிற்கவிட்டார்கள். வந்த பறவையைக் கொல்லாமல் விட்டார்கள். மற்றதைப் பறவைகள் பார்த்துக்கொண்டன. நாளை உங்கள் பிள்ளை லாஸ்டிக்கை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் புறப்பட்டால், இந்தக் கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.