தொட்டி நிரம்பினால் யார் சொல்வது?

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கண்டாச்சிபுரம் பக்கத்து ஊர்களில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏரி கோடி போயிடுச்சா?" ஏரிக்கரையின் ஒரு பக்கத்தில் கல்லால் கட்டிய கலங்கல் இருக்கும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கலாம் என்பதை அந்தக் கலங்கலின் உயரமே தீர்மானிக்கிறது. அதற்கு மேல் வரும் தண்ணீர் தானாக வழிந்து கீழே உள்ள ஏரிக்குப் போய்விடும். இதற்கு மின்சாரம் தேவையில்லை, பக்கத்தில் ஆள் நிற்கவும் தேவையில்லை.

ஏரி வழிந்தால் அடுத்த ஊருக்கு லாபம். ஆனால் பெட்ரோல் தொட்டி வழிந்தால்? அங்கே கலங்கல் வைக்க முடியாது. நிரம்புவதற்கு முன்பே யாராவது சொல்லியாக வேண்டும். அந்த "யாராவது" என்ற வேலையைச் செய்வதுதான் லெவல் சுவிட்சும் சென்சாரும். அதன் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

மிதவையும் ஈயமும்

திரவத்தின் மட்டத்தை அறிய மனிதன் பழங்காலத்திலேயே மிதவையை நம்பினான். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ் தன்னுடைய நீர்க்கடிகாரத்தில் மிதவையைப் பயன்படுத்தினார். இன்று வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் பால் வால்வு அந்த மிதவையின் வழி வந்ததுதான்.

நீராவி இயந்திரம் வந்ததும் விஷயம் உயிர்ப் பிரச்சினை ஆனது. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் இரும்புத் தகடு பழுக்கக் காய்ந்து வெடித்துவிடும். 1803-ஆம் ஆண்டு லண்டன் அருகே கிரீனிச்சில் ரிச்சர்ட் ட்ரெவிதிக் உருவாக்கிய பாய்லர் ஒன்று வெடித்து உயிர்கள் போயின. அதன் பிறகு அவர் பாய்லரில் ஓர் ஈய அடைப்பு வைத்தார். தண்ணீர் மூடியிருக்கும் வரை ஈயம் உருகாது. தண்ணீர் கீழே இறங்கினால் உருகி, நீராவி வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். ஒருவகையில் இதுவும் லெவல் சுவிட்ச்தான்!

இந்தியாவில் 1863-இல் கல்கத்தாவில் பெரிய பாய்லர் விபத்து நடந்தது. அடுத்த ஆண்டே வங்காளத்தில் பாய்லர் சோதனைச் சட்டம் வந்தது. பிறகு 1923-இல் நாடு முழுவதற்குமான இந்திய பாய்லர் சட்டம் வந்தது. 2025-இல் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது. பாய்லரில் நீர்மட்டம் காட்ட ஒன்றுக்கு இரண்டு கருவி வேண்டும் என்பது பழைய விதி. ஏன் இரண்டு? ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று உண்மை சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் சாரமே அதுதான்.

எந்தத் தொட்டிக்கு எது?

20-ஆம் நூற்றாண்டில் வகைகள் பெருகின. 1936-இல் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் கண்டுபிடித்த ரீட் சுவிட்ச், காந்தம் பக்கத்தில் வந்தாலே இணையும். மிதவைக்குள் காந்தம் வைத்தால் போதும், மட்டம் மின்சாரச் செய்தியாக மாறிவிடும்.

ஆனால் எல்லாத் தொட்டிக்கும் ஒரே கருவி சரிவராது. சுத்தமான தண்ணீருக்கும் டீசலுக்கும் மிதவை போதும். சர்க்கரை ஆலையின் மொலாசஸ் போன்ற பிசுபிசுப்பான பொருளில் மிதவை ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கடத்தும் திரவத்துக்கு எலக்ட்ரோடு கம்பி மலிவானது, ஆனால் எண்ணெயில் அது வேலை செய்யாது. மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியை நுரையும் ஆவியும் ஏமாற்றும். அத்தகைய இடங்களில் ரேடார் மேல், விலைதான் அதிகம். பெட்ரோல் போன்றவற்றுக்கு எதை வைத்தாலும் தீப்பொறி வராத பாதுகாப்புச் சான்று கட்டாயம் வேண்டும்.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் போதுமா? போதாது என்று காட்டியது ஓர் ஊர்.

பன்ஸ்ஃபீல்ட், 2005

இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரத்துக்கு அருகே பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு இருந்தது. 2005 டிசம்பர் 10 இரவு 7 மணிக்கு, குழாய் வழியாக 912-ஆம் எண் தொட்டிக்குப் பெட்ரோல் வரத் தொடங்கியது. நள்ளிரவு தாண்டி சுமார் 3 மணிக்கு அளவுமானி நின்றுவிட்டது. மூன்றில் இரண்டு பங்குதான் நிரம்பியிருக்கிறது என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது. பெட்ரோலோ ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போது காப்பாற்ற வேண்டியது தொட்டியின் உச்சியில் இருந்த தனி ஹை லெவல் சுவிட்ச். அதுவும் வேலை செய்யவில்லை. காரணம் ஒரு பூட்டு! அந்த சுவிட்சில் சோதனைக்காக ஒரு நெம்புகோல் இருந்தது. அதைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு போட வேண்டும். வேறு யாரும் கை வைக்காமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு என்று பொருத்தியவர்கள் நினைத்து, அதைப் போடாமல் விட்டார்கள். அந்தப் பூட்டு எதற்கு என்பதை விற்றவர்கள் தெளிவாகச் சொல்லவும் இல்லை.

5.37-க்குத் தொட்டி வழிய ஆரம்பித்தது. 6.01-க்கு ஆவி மேகம் வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் யாரும் சாகவில்லை, 43 பேர் காயம் அடைந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் நாள்கணக்கில் எரிந்தன.

விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. ஆகஸ்ட் கடைசியில் இருந்து விபத்து வரை அந்த அளவுமானி 14 தடவை சிக்கி நின்றிருக்கிறது! ஒவ்வொரு தடவையும் அப்போதைக்குச் சரிசெய்து ஓட்டியிருக்கிறார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

மொத்த இழப்பு ஏறக்குறைய 100 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. 2010-இல் ஐந்து நிறுவனங்களுக்கு விதித்த அபராதமும் வழக்குச் செலவும் 95 லட்சம் பவுண்டை ஒட்டி வந்தது. போடாமல் விட்ட பூட்டின் விலையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

உலகம் உடனே கற்றுக்கொள்ளவில்லை. 2009 அக்டோபர் 23-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் பாயமோன் கிடங்கில் கப்பலிலிருந்து பெட்ரோல் ஏற்றும்போது, தொட்டியின் அளவு கணினியில் தெரியாத நிலையில், அதே போல வழிந்து வெடித்தது. தொட்டி வழியாமல் காப்பதற்கான அமெரிக்கத் தரவிதி ஏபிஐ 2350, 2012-இல் புதுப்பிக்கப்பட்டது.

ஆகவே தொட்டிக்குக் கருவி வாங்குபவர் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்வி கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் திரவம் எப்படிப்பட்டது? தினமும் அளக்கும் கருவியும் அபாயம் சொல்லும் சுவிட்சும் ஒன்றை ஒன்று நம்பாமல் தனித்தனியாக இருக்கின்றனவா? பழுதானால் அது பழுதாகிவிட்டது என்று தானே சொல்லுமா? அதைச் சோதித்துப் பார்க்கும் முறை, இரவு வேலைக்கு வரும் ஆளுக்கும் தெரியுமா?

ஏரிக் கலங்கல் பழுதானால் ஊருக்கே கண்ணில் தெரியும். சென்சார் பழுதானால் திரையில் ஓர் எண் அசையாமல் நிற்கும், அவ்வளவுதான். அந்த அசையாத எண்ணைச் சந்தேகப்படத் தெரிந்தவர் கையில்தான் தொட்டியின் பாதுகாப்பு இருக்கிறது.