தடய அறிவியல் கருத்துரையில் உறுதி அளவு

தடய அறிவியல் கருத்துரையில் உறுதி அளவு என்பது, கைரேகை, கையெழுத்து, காலணித் தடம், டி. என். ஏ. முதலியவற்றை ஆராய்ந்த வல்லுநர், அத்தடயம் எவ்வளவு வலுவானது என்பதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் முறையைக் குறிக்கும்.

பின்னணி

கைரேகை வல்லுநர்கள் நெடுங்காலமாகப் பொருந்துகிறது, பொருந்தவில்லை, முடிவு செய்ய இயலாது என்னும் மூன்று விடைகளையே அளித்து வந்தனர். ஐக்கிய அமெரிக்கக் கையெழுத்து ஆய்வாளர்களிடையே ஒன்பது படிகள் கொண்ட அளவுகோல் வழங்கியது.

மார்ச் 11, 2004 அன்று மத்ரித் தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்தன. வெடிதூண்டிகள் இருந்த பையில் கிடைத்த ரேகை ஓரிகன் மாநில வழக்கறிஞர் ஒருவருடையதே என எஃப். பி. ஐ. முழு உறுதியுடன் அறிவித்தது. எசுப்பானியக் காவல்துறை ஐயம் தெரிவித்தபின்னும் அவர் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் அமர்த்திய தனி வல்லுநரும் அம்முடிவையே ஏற்றார். ரேகை அல்சீரியர் ஒருவருடையது என எசுப்பானியா கண்டறிந்ததும், இரண்டு வாரச் சிறைக்குப்பின் வழக்கறிஞர் விடுவிக்கப்பட்டார். எஃப். பி. ஐ. மன்னிப்புக் கேட்டது.

வாய்ப்பு விகிதம்

இம்முறையில் வல்லுநர், தடம் யாருடையது என்று கூறுவதில்லை. அது ஐயத்துக்குரியவருடையதாயின் இத்தகைய ஒற்றுமை காணப்படும் வாய்ப்பை, வேறொருவருடையதாயின் காணப்படும் வாய்ப்பால் வகுத்துக் கூறுகிறார். 2015இல் வெளியான ஐரோப்பிய தடய அறிவியல் நிறுவனங்களின் கூட்டமைப்பு வழிகாட்டியின்படி, விகிதம் 2 முதல் 10 வரை எனில் வலுக்குறைந்த ஆதரவு. 1,000 முதல் 10,000 வரை வலுவான ஆதரவு. பத்து இலட்சத்தைத் தாண்டினால் மிக மிக வலுவான ஆதரவு.

விகிதம் 500 என்பதைக் குற்றவாளியாக இருக்க 500க்கு 1 என்னும் அளவில் வாய்ப்பு உண்டு எனக் கொள்வது பொதுவான பிழை (தலைகீழாகக் கொள்வோரும் உளர்). ஓர் ஊரில் 50,000 பேர் இருந்து, 500 பேருக்கு ஒருவர் அதே வகைக் காலணி அணிந்தால், ஏறத்தாழ 100 பேர் பொருந்துவர். ஏனைய சான்றுகளின்றி அவர்களுள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க இயலாது.

விமர்சனம்

2010இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் தண்டனையை நீக்கியது. காலணித் தடத்துக்கு "மிதமான" ஆதரவு உண்டு என்ற அறிக்கையில், அச்சொல்லுக்கு அடிப்படையான கணக்கு காட்டப்படவில்லை. காலணிகளின் பரவலுக்கு நம்பத்தக்க புள்ளிவிவரம் இல்லாதவிடத்து இக்கணக்கு ஏற்புடையதன்று என நீதிமன்றம் கருதியது. இத்தீர்ப்பைப் புள்ளியியலாளர் பலர் கடுமையாக மறுத்தனர். கணக்கை மறைத்தது குறையே எனினும், கணக்கிட்டதே குறையாகாது.

ஐக்கிய அமெரிக்க நீதித்துறை 2016இல், "நியாயமான அறிவியல் உறுதி" என்னும் தொடரைத் தன் ஆய்வகங்கள் தவிர்க்குமாறு பணித்தது.