சான்றாக நிற்கும் உடல்: எல்லைச் சாலைகளும் கொடைப் பயணங்களும்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்திற்குள் செல்ல இருவகை வழிகள் உள்ளன. ஒன்று, வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே செல்லும் சமதளச் சாலை. மற்றொன்று, உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும் ஏறிச் செல்லும் மலைப்பாதைகள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் செல்வோர் இவ்வேறுபாட்டைச் சன்னல் வழியே காண்பர். மிதிவண்டியில் செல்வோர் அதனைத் தம் மூச்சில் உணர்வர். இத்தகைய சாலைகளில் குருதி, எலும்பு மஜ்ஜை, உடலுறுப்பு ஆகிய கொடைகளை வலியுறுத்தும் பதாகையுடன் மிதிவண்டிப் பயணம் மேற்கொள்வது இன்று பழகிய பொதுச்செயலாகிவிட்டது. அச்செயலின் வரலாற்றுப் பின்னணியை ஆராய்வதே இப்பதிவின் நோக்கம். சற்று நீண்ட பதிவு. மாணவ நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

பதாகையில் மூன்று கொடைகளும் ஒரே வரியில் இடம்பெறுகின்றன. ஆயினும் அவை கேட்கும் முடிவுகள் வெவ்வேறானவை. எனவே பயணியின் உடல் எதற்குச் சான்றாக நிற்க முடியும், எதற்கு நிற்க முடியாது என்னும் வினாவை முன்வைத்து இவ்வரலாற்றைப் பார்க்கலாம்.

முதலில் பயணம் என்னும் வடிவம். ஊர் ஊராகச் சென்று ஒரு கருத்தைப் பொதுமக்களிடம் சேர்ப்பிக்கும் முறைக்கு இப்பகுதியில் வலுவான மரபு உண்டு. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், அறிவியலை நாடகமாகவும் பாட்டாகவும் ஏந்திச் செல்லும் ஜாதாக்களை வளர்த்தெடுத்தது. பாலக்காடு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கும் போராட்டத்தில் அவ்வியக்கத்தின் பங்கு நன்கு அறியப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1990இல் நாடு தழுவிய பாரத ஞான விஞ்ஞான ஜாதா நடைபெற்றது. அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதை எழுத்தறிவுப் பணியின் ஒரு கூறாகவே ஆக்கியது. ஆயிரக்கணக்கான ஊரகப் பெண்கள் மிதிவண்டியில் சென்ற காட்சி, எந்த முழக்கத்தைக் காட்டிலும் தெளிவாக ஒரு கருத்தைச் சொன்னது. ஓட்டுபவரே செய்தியாக ஆகும் தன்மை அங்கு முழுமையாக வெளிப்பட்டது.

இரண்டாவது, சட்டத்தின் வரலாறு. 1980களில் சென்னை வில்லிவாக்கம் சிறுநீரகம் விற்றோரின் குடியிருப்பாகப் பெயர்பெற்றது. வறுமை ஒருபுறமும் தேவை மறுபுறமும் இருக்க, இடையில் தரகர் நின்ற வணிகம் அது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. மூளைச்சாவை இறப்பாக ஏற்று, இறந்தோரின் உறுப்புகளைப் பெறவும் வழிவகுத்தது. குருதியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பணம் பெற்றுக் குருதி தரும் தொழில்முறைக் கொடையாளர் முறையை ஒழிக்குமாறு உச்ச நீதிமன்றம் 1996 சனவரியில் தீர்ப்பளித்தது. 1998 சனவரி முதல் அம்முறை தடைசெய்யப்பட்டது. தன்னார்வக் குருதிக்கொடை இயக்கம் அதற்கு முன்னரே இருந்தது. அக்டோபர் 1ஆம் நாளைத் தேசியத் தன்னார்வக் குருதிக்கொடை நாளாகக் கடைப்பிடிப்பது 1975 முதல் தொடர்கிறது. எனினும், விலைகொடுத்து வாங்க இயலாத ஒன்றைக் கேட்டே பெற வேண்டும் என்ற நிலையைச் சட்டமே உருவாக்கியது. சாலையில் இறங்கி முன்பின் அறியாதவரிடம் வேண்டுகோள் வைக்கும் பயணிக்கு முன்னால் இவ்விரு தடைகளின் வரலாறு செல்கிறது.

இனி மூன்று கொடைகளையும் தனித்தனியே காண்போம்.

குருதிக்கொடையில் மக்களுக்குள்ள முதன்மையான அச்சம், உடல் தளர்ந்துவிடும் என்பதாகும். நாள்கூலிக்கு உழைப்பவருக்கு இது மூட அச்சம் அன்று, பிழைப்பைப் பற்றிய கணக்கு. ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் மலைச்சரிவில் நாள் முழுதும் நிற்கும் ஒருவர் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. அவர்முன் பலமுறை குருதி கொடுத்த ஒருவர் மிதிவண்டியில் மலையேறி வந்து நிற்பது நேரடியான விடை. 2021 திசம்பர் 28 அன்று திருவனந்தபுரத்திலிருந்து 21,000 கிலோமீட்டர் இலக்குடன் குருதிக்கொடை நடைப்பயணத்தைத் தொடங்கிய கிரண் வர்மாவின் முயற்சியும் இத்தகையதே; நடக்கும் உடலே அங்கு வாதம்.

அவ்வாதம் நேர்மையாக வைக்கப்பட வேண்டும். ஒருமுறை 350 அல்லது 450 மில்லிலிட்டர் குருதி பெறப்படுகிறது. அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாள்களில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவை எட்டச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது. காலையில் குருதி கொடுத்துவிட்டு அன்றே மலையேறிக் காட்டுவது வீரமாகத் தோன்றலாம். மருத்துவ நோக்கில் அது தவறான முன்னுதாரணம். ‘ஒன்றும் ஆகாது’ என்பதைவிட, ‘இன்று ஓய்வெடுங்கள், சில நாள்கள் கடும் ஏற்றத்தில் மூச்சு சற்று வாங்கலாம், பிறகு சரியாகிவிடும்’ என்று சொல்லும் பயணியையே உழைக்கும் மக்கள் நம்புவர்.

எலும்பு மஜ்ஜைக் கொடையில் நிலைமை வேறு. முதுகுத்தண்டில் ஊசி குத்துவர், நடக்க இயலாது போகும் என்ற அச்சம் பரவலாக உண்டு. உண்மையில் மஜ்ஜை இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. இன்று பெரும்பாலும் அதுவும் தேவைப்படுவதில்லை. சில நாள் ஊசிமருந்துக்குப் பின், கைநரம்பு வழியே குருதியைச் செலுத்திக் குருதி மூல உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுத்து எஞ்சியதை உடலுக்கே திருப்பிவிடுகின்றனர். இங்கும் மிதிவண்டியில் வரும் கொடையாளர் சிறந்த சான்றாவார். ஆனால் இக்கொடையின் இடர்ப்பாடு எண்ணிக்கையில் உள்ளது. உடன்பிறந்த ஒருவரின் திசு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. வெளியாரிடம் தேடும்போது, ஒரே மூதாதை வழியினரிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். 1974இல் இலண்டனில் ஆன்டனி நோலன் பதிவகமும், 2009இல் சென்னையில் ‘தாத்ரி’ பதிவகமும் தோன்றியதன் காரணம் இத்தேடலே.

இவ்விடத்தில் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி நம் கவனத்திற்கு வருகிறது. அங்கு வாழும் பழங்குடியினரிடையே அரிவாளணுக் குருதிநோய் காணப்படுகிறது. இந்நோயாளர் பலருக்குக் குருதி ஏற்றம் தேவைப்படுகிறது. மஜ்ஜை மாற்றம் நோயை நீக்கவல்ல சிகிச்சையாக நிறுவப்பட்டுள்ளது. இருளர் அட்டப்பாடியிலும் உண்டு, எல்லைக்கு இப்பால் கோயம்புத்தூர், நீலகிரி மலைப்பகுதிகளிலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில எல்லை வரையப்பட்டபோது ஒரே மக்கள் இரு நிருவாகங்களின்கீழ் வந்தனர். திசுப்பொருத்தம் அவ்வெல்லையை அறியாது. பெருநகரக் கல்லூரி வளாகங்களில் மட்டும் பதிவுமுகாம் நடத்தினால், பதிவேடு பெருநகர மக்களையே பெரிதும் பிரதிபலிக்கும். சிறிய, தொலைவான சமூகங்களை அடைவதற்கு மெதுவாகச் செல்லும் பயணம் தகுந்த கருவி. ஆயின் பதிவு ஒரு தொடக்கமே. பல ஆண்டுகளுக்குப் பின் அழைப்பு வரும்போது அன்றும் இசைவதே கொடை. அவ்வழைப்பு வரை தொடர்பைப் பேணும் அமைப்பு இல்லாவிடில், மலையேறிப் பெற்ற பதிவு தாளில் நின்றுவிடும்.

மூன்றாவதான உறுப்புக்கொடையில்தான் பயணியின் உடல் தன் எல்லையை அடைகிறது. உயிருடன் சிறுநீரகம் வழங்கியவர் சான்றாக நிற்க முடியும். தம் சகோதரருக்கு 2014இல் சிறுநீரகம் அளித்த அனில் ஸ்ரீவத்சா, பல நாடுகள் வழியே மகிழுந்தில் பயணம் செய்து இதைப் பற்றிப் பேசியவர். 2019இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்த உலக உறுப்புமாற்று விளையாட்டுப் போட்டிகளில் பதக்கமும் பெற்றார். அப்போட்டிகள் 1978இல் போர்ட்ஸ்மவுத் நகரில் தொடங்கின. உறுப்பு பெற்றோர் ஓடுவதும் நீந்துவதும் மிதிவண்டி ஓட்டுவதும், கொடுக்கப்பட்ட உறுப்பு வீணாகவில்லை என்பதற்குச் சான்று. கொடுத்தவர், பெற்றவர் ஆகிய இருவரும் சாலையில் தோன்ற முடியும். மூளைச்சாவுற்றுக் கொடுத்தவர் தோன்ற முடியாது. அவர் பொருட்டுக் கையெழுத்திட்ட தாயோ கணவனோ மனைவியோதான் எஞ்சுகின்றனர். அவர்கள் கேட்கும் வினா வேறு: ‘உண்மையிலேயே இறந்துவிட்டாரா? எங்களை ஏமாற்றவில்லையே?’ இதற்கு எந்த மிதிவண்டியும் விடை தராது.

இவ்வினாவின் வரலாறு எல்லையின் இருபுறமும் பின்னியுள்ளது. 2008 செப்டம்பரில், சாலை விபத்தில் மூளைச்சாவுற்ற ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயதுச் சிறுவனின் உறுப்புகளை மருத்துவர்களான அவன் பெற்றோர் வழங்கினர். காவல்துறை சாலையை ஒழுங்குபடுத்த, அவன் இதயம் சென்னை நகரைக் கடந்து ஒரு சிறுமியைச் சென்றடைந்தது. இந்நிகழ்வின் தூண்டுதலால் 2011இல் ‘டிராஃபிக்’ என்னும் மலையாளத் திரைப்படம் வந்தது. அதில் இதயம் கொச்சியிலிருந்து பாலக்காட்டிற்குச் சாலைவழி கொண்டுசெல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு கேரள அரசு ‘மிருதசஞ்சீவனி’ திட்டத்தைத் தொடங்கியது. இறந்தோர் கொடை 2012இல் 9ஆக இருந்து 2015இல் 76ஆக உயர்ந்தது. 2016இல் 72. அதன்பின் சரிவு: 2017இல் 18, 2018இல் 8.

இரண்டே ஆண்டுகளில் கேரள மக்களின் இரக்கம் வற்றிவிட்டது என்று எவரும் வாதிட முடியாது. மூளைச்சாவுச் சான்றளிப்பைக் குறித்த ஐயங்களும் வழக்குகளும் அக்காலத்தில் எழுந்தன. 2018இல் அரசு அதற்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டு வெளிவந்த ‘ஜோசப்’ என்னும் மலையாளத் திரைப்படம் உறுப்புக்காகத் திட்டமிட்டு நிகழ்த்தப்படும் விபத்துகளைக் கதையாக்கியது. ஏழாண்டு இடைவெளியில் வந்த இரு படங்களில், ஒன்றில் ஒரு நகரமே வழிவிடுகிறது. மற்றொன்றில் வழியே பொறியாகிறது.

அதே 2018 மே மாதம் நிகழ்ந்தது எல்லைப் பகுதியை நேரடியாகத் தொட்டது. பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் கள்ளக்குறிச்சி அருகே விபத்துக்குள்ளாகிச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் மூளைச்சாவுற்ற பின், சிகிச்சைக் கட்டணம் செலுத்த இயலாத நிலையில் தம்மிடம் உறுப்புக்கொடைக்குக் கையெழுத்து பெறப்பட்டது என்று குடும்பத்தினர் முறையிட்டனர். விசாரணை கோரிக் கேரள முதலமைச்சர் தமிழக முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அம்முறையீட்டின் மெய்ம்மையைத் தீர்ப்பது விசாரணையின் பணி. வரலாற்று மாணவருக்கு வேறொன்று முக்கியம்: கட்டணச் சீட்டும் இசைவுப் படிவமும் ஒரே மேசையில் வைக்கப்படும்போது ‘கொடை’ என்ற சொல் தன் பொருளை இழக்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் விரட்ட முயன்ற பணம், வேறொரு கதவு வழியே அறைக்குள் வந்துவிட்டதாகக் குடும்பம் உணர்கிறது.

எனவே சான்றளிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்திடம் செல்கிறது. நம் சட்டப்படி மருத்துவர் நால்வர் அடங்கிய குழு, ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை சோதித்த பின்னரே மூளைச்சாவு உறுதிசெய்யப்பட வேண்டும். நடைமுறையில் குடும்பத்தினரின் எழுத்துவழி இசைவின்றி உறுப்புகள் எடுக்கப்படுவதில்லை; கொடை அட்டை வைத்திருந்தாலும் இறுதிச் சொல் வீட்டாருடையதே. தமிழ்நாடு 2023 செப்டம்பர் 23 அன்று மற்றொரு படியை எடுத்தது: உறுப்புக்கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அம்மரியாதை முதன்முதலாக வழங்கப்பட்டது இடுக்கியின் அடிவாரத்தில், தேனி மாவட்டம் சின்னமனூரைச் சேர்ந்த ஓர் அரசு ஊழியருக்கு. சாலையில் தோன்ற இயலாத அந்த மூன்றாமவருக்காக அரசே ஊரார்முன் வந்து நின்றது என இதனைக் கொள்ளலாம். ஆயினும் மரியாதை முடிவுக்குப் பின் வருவது. நம்பிக்கை முடிவுக்கு முன் வேண்டுவது.

இவற்றிலிருந்து எல்லைப் பகுதிப் பயணங்களுக்குச் சில நடைமுறைத் தெளிவுகள் கிடைக்கின்றன. குருதிக்காகச் செல்வோர் தம் உடலைச் சான்றாக வைக்கலாம். மஜ்ஜைக்காகச் செல்வோர் பதிவுக்குப் பிந்தைய தொடர்புக்கும் ஏற்பாடு செய்துகொண்டே புறப்பட வேண்டும். உறுப்புக்காகச் செல்வோர் அட்டையில் கையெழுத்து வாங்குவதைவிட, ‘இன்றிரவு இதை வீட்டில் பேசுங்கள்’ என்று கேட்பதே பயனுடையது. அப்பேச்சு அம்மக்களின் மொழியில் நிகழ வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். சித்தூர் வட்டத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பல. மலையாளப் படிவத்தின்முன் தமிழ்த் தாயும், தமிழ்ப் படிவத்தின்முன் மலையாளத் தந்தையும் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் நிலை இங்குக் கற்பனையன்று. தமக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்கும் உரிமையும், மறுக்கும் உரிமையும் தமக்குண்டு என்பதை அவர்கள் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். மறுக்க இயலும் என்று அறிந்தவர் தரும் இசைவே கொடையாகும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பு மாற்றின் வரலாறு பெரும்பாலும் அறுவை அரங்குகளிலிருந்தே எழுதப்பட்டுள்ளது. எல்லை ஊர்களின் அவசர ஊர்தி ஓட்டுநர், மருத்துவமனை மொழிபெயர்ப்பாளராக நின்ற செவிலியர், இசைந்த குடும்பம், இசையாத குடும்பம் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது அவசியம். இசையாதோரின் காரணங்கள் முதலில் தொகுக்கப்பட வேண்டும். ஏனெனில் 76க்கும் 8க்கும் இடைப்பட்ட வரலாறு அவர்களிடம் உள்ளது.