கழுகு பொறித்த பொத்தான்

போர்க்களத்து மண் துணியைத் தின்றுவிடும், தோலையும் மரத்தையும் தின்றுவிடும், இரும்பைத் துருவாக்கிவிடும். பித்தளையை மட்டும் அத்துணை எளிதில் அழிப்பதில்லை. ஆதலின் நூறாண்டு கடந்த பின்னரும் ஒரு படைவீரன் நின்ற இடத்தை அவன் சட்டைப் பொத்தான் காட்டிக் கொடுக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்த நிலங்களில், உலோகம் காட்டும் கருவியை ஏந்திப் பழம்பொருள் தேடித் திரிவோர் பலர். அவர்களுக்கு அகப்படுவனவற்றுள் பொத்தான்களும் உண்டு. படிக்கத் தெரிந்தவர்க்குப் பொத்தானும் ஓர் ஆவணமாகும்.

அதனைப் படிக்கும் முறையைச் சிறிது காண்போம். முதலில் நோக்கத்தக்கது அதன் அமைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் படைப் பொத்தான்கள் பெரும்பாலும் ஒரே தகட்டாலான தட்டையானவை. அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து முன்தகடு, பின்தகடு என இரண்டினை விளிம்பில் மடித்து இணைத்துக் குவிந்த வடிவில் செய்யலாயினர். அடுத்துப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். தைப்பதற்குரிய கம்பி வளையத்தைச் சுற்றிச் செய்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரி நகரின் ஸ்கோவில் நிறுவனம் அவர்களுள் பெயர் பெற்றது. நிறுவனங்கள் தம் முத்திரை வாசகத்தைக் காலந்தோறும் மாற்றி வந்தமையால், அவ்வாசகமே பொத்தானின் வயதைக் கூறும். தென்தரப்பில் ஆலைகள் குறைவு. அவர்கள் பொத்தான்களுள் பல இங்கிலாந்திலிருந்து கடல் முற்றுகையைக் கடந்து வந்தவை. அவற்றின் முதுகில் இலண்டன் வணிகர் பெயரைக் காணலாம்.

முன்முகமே முதன்மையானது. வடதரப்புப் படையின் பொத்தானில் சிறகு விரித்த கழுகு இருக்கும். அதன் மார்பில் ஒரு கேடயம். கேடயத்தினுள் ஆங்கில எழுத்து 'ஐ' இருப்பின் காலாட்படை அதிகாரி. 'சி' எனில் குதிரைப்படை அதிகாரி. 'ஏ' எனில் பீரங்கிப்படை அதிகாரி. எழுத்தின்றி வெறுங்கேடயமாயின் அது சாதாரண வீரனுடையது. அவ்வீரன் வெள்ளையனா கருப்பனா என்பதைக் கழுகு கூறாது. இருவருக்கும் ஒரே அச்சில் அடித்த ஒரே பொத்தானே வழங்கப்பட்டது. நம் இளைஞர்கள் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே.

அடிமையாய்ப் பிறந்து, தப்பி வந்து, தம் மக்களின் தலைவராய் உயர்ந்த பிரடெரிக் டக்ளஸ் இதனை முன்னரே கண்டவர். கருப்பின மனிதன் தன் பொத்தானில் கழுகையும் தோளில் துப்பாக்கியையும் ஒருமுறை ஏற்றுவானாயின், அவன் குடியுரிமையை மறுக்கும் ஆற்றல் இவ்வுலகில் எவர்க்கும் இராது என்னும் கருத்தை 1863 ஜூலையில் பிலடெல்பியாவில் முழங்கினார். ஏறத்தாழ 1,79,000 கருப்பின வீரர்கள் அப்பொத்தானை அணிந்தனர். அவர்களுள் சுமார் 40,000 பேர் மாண்டனர். மாண்டோருள் பெரும்பாலோரைக் கொன்றது குண்டன்று, நோய்.

பொத்தான் ஒன்றாயிருந்தும் ஊதியம் ஒன்றாயில்லை. வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். உடைக்கெனத் தனிப்படியும் உண்டு. கருப்பின வீரனுக்கோ 10 டாலர். அதிலும் உடைக்காக 3 டாலரைப் பிடித்துக்கொண்டு 7 டாலரே கையில் கொடுத்தனர். சமத்துவத்தின் சின்னமென அவன் மார்பில் மின்னிய அப்பொத்தானுக்கு அவனிடமே விலை வாங்கினர்! மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 54, 55 ஆம் படைகள் அவ்வூதியத்தைத் தொட மறுத்தன. குறையும் தொகையை மாநிலமே ஈடுசெய்ய முன்வந்தபோதும் அதனை ஏற்றிலர். ஓராண்டுக்கும் மேலாக ஊதியமின்றியே பணியாற்றினர். மூன்றாம் தென் கரோலினாப் படையின் சார்ஜண்ட் வில்லியம் வாக்கர், 1863 நவம்பரில் தம் குழுவினரோடு துப்பாக்கிகளை அடுக்கிவைத்து நியாயம் கேட்டார். அதனைக் கலகமெனத் தீர்ப்பளித்து 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு ஜூனில்தான் அமெரிக்கப் பேரவை சம ஊதியச் சட்டம் இயற்றியது.

இவ்வரலாற்றை மண்ணும் ஒருமுறை வெளிக்கொணர்ந்தது. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை அடுத்த ஃபாலி தீவில், 1987 ஆம் ஆண்டு, பழம்பொருள் தேடியவர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். அவர்கள் செய்த நற்செயல், தோண்டி அள்ளாது மாநிலத் தொல்லியலாளர்க்கு அறிவித்தமையாகும். அரசு நிலங்களில் அனுமதியின்றித் தோண்டுவதைத் தடுக்கும் சட்டம் 1979 இலேயே வந்துவிட்டதாயினும், அதனை மதியாதோரும் உண்டு. முறையாக அகழ்ந்தபோது 19 வீரர்களின் எச்சங்கள் கிடைத்தன. எலும்பாய்வையும், அத்தீவில் முகாமிட்டிருந்த படைகளின் பதிவுகளையும் ஒப்புநோக்கி, அவர்கள் கருப்பினப் படையினர் என்றும், 55 ஆம் மாசசூசெட்ஸ் படையைச் சார்ந்தோர் அவர்களுள் இருந்தனர் என்றும் ஆய்வாளர் துணிந்தனர். 1989 மே 29 அன்று பியூபோர்ட் தேசியக் கல்லறையில் முழு இராணுவ மரியாதையுடன் அவர்களை மீண்டும் அடக்கம் செய்தனர்.

அவர்கள் கதை நமக்கு அயலானதன்று. மகாத்மா ஜோதிராவ் பூலே தம் 'குலாம்கிரி' நூலை 1873 இல் அமெரிக்க மக்களுக்கே உரிமையாக்கினார், அடிமை முறையை ஒழித்தமைக்காக. நம் முன்னோருள்ளும் சீருடை அணிந்தோர் பலர். பறையர் குல வீரர் திரளாகப் பணியாற்றிய சென்னைப் பயனியர் படை 1933 இல் கலைக்கப்பட்டது. அவர்தம் வீட்டுப் பழம்பெட்டிகளில் பொத்தான் ஒன்று கிடந்தால், புளியிட்டுத் துலக்கிவிடாதீர். களிம்போடு எழுத்தும் தேய்ந்து போகும். உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் துடைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். முன்முகத்தில் படையின் பெயரோ எண்ணோ, பின்புறத்தில் செய்தவர் பெயரோ தெரியக்கூடும். அதனை அணிந்தவர் யார், எவ்வாண்டில் எவ்வூரில் படையிற் சேர்ந்தார் என்பவற்றை வீட்டு முதியோரைக் கேட்டெழுதி, அத்தாளையும் பொத்தானையும் ஒரே உறையில் இட்டு வையுங்கள்.